பெண்கள் தீவில் இறக்கப்பட்டவர்கள்

ஜூன் 14
மழைக்கு ஒதுங்கி, எஸ்தோனியாவின் தலைநகரான தாலினின் பழைய நகரத்தில் உள்ள தூய ஆவி ஆலயத்துக்குள் நுழைந்தேன். 1918 முதல் 1920 வரை பால்டிக் கடலில் உயிரிழந்த பிரிட்டிஷ் கடற்படையினருக்கு அங்கே ஒரு நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக இந்த ஊரில் வேலை பார்க்கிறேன். இன்றுதான் நின்று படித்தேன்.

ஜூன் 16
பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். "அவர்கள் வராதிருந்தால் எங்களுக்கு நாடே இல்லை" என்றார். உண்மைதான். ரஷ்ய உள்நாட்டுப் போர் எல்லை தாண்டி, 1918 டிசம்பரில் ரஷ்யக் கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகளின் செம்படை தாலினை நெருங்கிவிட்டது. பிரிட்டிஷ் கப்பல்கள் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து இறக்கின. கரையோரமாகச் சென்று செம்படையின் மீது குண்டு பொழிந்தன. தாலினுக்கு வரும் வழியிலேயே கசாண்ட்ரா என்ற கப்பல் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. 11 பேர் மாண்டனர்.

ஜூன் 21
இரவு முழுவதும் இதே படிப்பு. டிசம்பர் 26 அன்று ஸ்பார்ட்டக் என்ற சோவியத் நாசகாரிக் கப்பல், பிரிட்டிஷ் கப்பல்கள் துரத்த, தப்பி ஓடும்போது குராடிமுனா திட்டில் தட்டி நின்று பிடிபட்டது. அந்தத் திட்டின் பெயருக்குச் சாத்தானின் முட்டை என்று பொருள். மறுநாள் அவ்த்ரோயில் என்ற இன்னொரு சோவியத் நாசகாரிக் கப்பலும் பிடிபட்டது. இரண்டு கப்பல்களும் எஸ்தோனியாவுக்குத் தரப்பட்டு, வாம்போலா, லென்னுக் என்று பெயர் மாறி, 1933இல் பெருவுக்கு விற்கப்பட்டன.

ஸ்பார்ட்டக்கில் இருந்த போல்ஷெவிக் தலைவர் ரஸ்கோல்னிகோவ் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1919 மே மாதம் பிரிட்டிஷ் கைதிகளுக்கு ஈடாக விடுவிக்கப்பட்டார். மாலுமிகளுக்கு அந்த யோகம் இல்லை. எஸ்தோனியர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, தாலினுக்கு அருகிலுள்ள நைசார் தீவில் அடைக்கப்பட்டார்கள். 1919 பிப்ரவரியில் அவர்களில் பலர் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் எஸ்தோனியர்கள், ஆனால் கைதிகளைக் கைகழுவிவிட்டுப் போனவர்களுக்கும் அந்த இரத்தத்தில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஜூலை 5
படகில் நைசார் போய்வந்தேன். பெயருக்குப் பெண்கள் தீவு என்று அர்த்தம். பைன் மரங்கள், குறுகிய ரயில் பாதை, துருப்பிடித்த கண்ணிவெடிக் கூடுகள். குழந்தைகள் அவற்றின் மேல் ஏறி விளையாடினார்கள். எனக்குக் கால் ஓடவில்லை.

ஜூலை 6
பாட்டியிடம் தயங்கித்தான் சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சோவியத் காலத்துப் பள்ளியில் நைசார் மாலுமிகளுக்காக எழுந்து நிற்கச் சொல்வார்களாம். "பிரிட்டிஷ்காரர்களைப் பற்றி அப்போது வாய் திறக்க முடியாது. இப்போது இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆலயத்துக்குப் போகிறோம். இரண்டு மெழுகுவர்த்திகள் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.