நான்கு சாக்கில் ஒரு ஜாவா: பிரித்துக் கிடந்த வண்டிக்கு விலை போட்ட அனுபவம்

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே ஒரு தோட்டத்து வீட்டின் மாட்டுக் கொட்டகையில் நான்கு உரச் சாக்குகள், ஒரு பிரேம், இரண்டு சக்கரங்கள், துருவேறிய பெட்ரோல் டேங்க் என்ற கோலத்தில்தான் அந்த ஜாவா 250 மோட்டார் சைக்கிளை முதலில் பார்த்தேன். மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் இவ்வண்டிகளைத் தயாரித்தது. 1973-இல்தான் யெஸ்டி என்று பெயர் மாறியது. மைசூரிலிருந்து வந்து திம்பம் மலையை இறங்கினால் சத்தியமங்கலம் என்பதால் எங்கள் பகுதிக்கு மைசூர் வண்டிகள் புதியவை அல்ல. இது 1968-ஆம் ஆண்டுப் பதிவு. வாங்கியவர் காலமாகிவிட்டார், பிரித்துப் போட்ட மெக்கானிக் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். மகன் 75,000 ரூபாய் கேட்டார். "எல்லாச் சாமானும் இருக்குதுங்க, ஒண்ணுகூட வெளியே போகலைங்க" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. சாக்கு நிறைய இரும்பைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

சாமான்களை ஒவ்வொன்றாக விலை போட்டுக் கூட்டுவது தவறான வழி என்பதை முன்பு ஒரு ஸ்கூட்டரில் நட்டப்பட்டுக் கற்றிருந்தேன். ஓடுகிற நிலையில், ஆர்.சி. புத்தகத்தோடு, இதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்பதிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கிவர வேண்டும். நான் நேரில் விசாரித்த மூன்று வண்டிகளில் நல்லதாக இருந்ததற்கு 1,80,000 ரூபாய் சொன்னார்கள். அதை உச்சமாக வைத்துக்கொண்டேன். அடிமட்டம் பழைய இரும்பு விலை: ஏறத்தாழ 130 கிலோ எடையுள்ள வண்டிக்கு ஐயாயிரம்கூடத் தேறாது. இவ்விரண்டுக்கும் நடுவில் இந்தச் சாக்குகள் எங்கே நிற்கின்றன என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ஞாயிறுகள் பிடித்தன.

முதல் ஞாயிறு களத்தில் தார்ப்பாயை விரித்து, சாமான் பட்டியல் புத்தகத்தின் ஜெராக்ஸ் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள படங்களின் வரிசையிலேயே ஒவ்வொன்றையும் அடுக்கினேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடியும் என்று நினைத்த வேலை பொழுது சாயும்வரை இழுத்தது. இருப்பதை எண்ணுவது எளிது. இல்லாததைப் படத்தில் உள்ள வெற்றிடங்கள்தாம் காட்டிக்கொடுத்தன. செயினை முழுவதுமாக மூடும் கவரின் ஒரு பாதி, ஸ்பீடாமீட்டர், டேங்கின் ஒரு பக்கத்து முட்டி ரப்பர், ஹெட்லைட் வளையம் ஆகியவை இல்லை. நட்டு போல்ட்டுகள் போனால் கவலையில்லை. செயின் கவர் போனால், சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிச் சாமான் கடைகளில் அலைந்தாலும் மைசூரில் அலைந்தாலும், கிடைப்பது பெரும்பாலும் மெல்லிய தகட்டில் அடித்த டூப்ளிகேட்தான். அதே சமயம் இரண்டாவது சாக்கில் பிஸ்டன்கள் மூன்று இருந்தன. இந்த வண்டிக்கோ ஒற்றை சிலிண்டர். இரண்டு சைலன்சர் இருப்பதைப் பார்த்து இரட்டை சிலிண்டர் என்று எண்ணுபவர்கள் உண்டு. ஒரே சிலிண்டரில் புகை வெளியேற இரண்டு வழிகள், அவ்வளவுதான்.

அந்த மூன்று பிஸ்டன்களும் எனக்கு ஒரு சாட்சி போல அமைந்தன. தலையில் பொறித்திருந்த அளவுகளில் ஒன்று 65 மில்லிமீட்டர், மற்றொன்று 65.25, மூன்றாவது 65.50. ஆக, சிலிண்டர் ஏற்கெனவே இரண்டு முறை போர் போடப்பட்டிருக்கிறது, அதாவது தேய்ந்த உள்சுவரைக் கடைந்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். லேத் பட்டறையில் கேஜ் வைத்து அளந்தபோது வாய்ப்பகுதிக்குச் சற்றுக் கீழே தேய்ந்து உள்விட்டம் 65.70-ஐத் தொட்டிருந்தது. அடுத்த அளவான 65.75-க்கு எடுத்தால் சுவர் முழுவதும் சுத்தமாகாது, நேராக 66-க்குப் போக வேண்டும், அதன் பிறகு உள்ளே புதுக் குழாய் செருகும் சிலீவ்தான் என்றார் பட்டறைக்காரர். பிரித்த வண்டிக்கு உள்ள ஒரே சாதகத்தை இங்கேதான் உணர்ந்தேன்: பிரிக்காத நிலையில் எஞ்சின் இறுகிப் பிடித்துப்போன வண்டியை விற்பவர் "கொஞ்சம் ஆயில் ஊற்றினால் விட்டுவிடும்" என்று சொல்லிக் கடந்துவிடலாம், இங்கே வயிற்றைத் திறந்து போட்டிருக்கிறார்கள்.

பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கைக் கையில் எடுத்து, அதையும் பிஸ்டனையும் இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழுமாக அசைத்தேன். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. மேல்கீழ் ஆட்டம் இருக்கவே கூடாது. இதில் டக்கென்று தட்டியது. இது அழுத்திப் பொருத்தப்பட்ட கிராங்க் என்பதால், பிரஸ் வைத்துப் பிரித்து, புது ராட் கிட் போட்டு, மீண்டும் நேர் பார்த்துக் கொடுக்கும் பட்டறை வேண்டும். கிராங்கை மூடும் கூடான கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று ஜோடியா என்பது அடுத்த கவலை. மூன்று பிஸ்டன்களைப் பார்த்துவிட்ட பிறகு வேறு வண்டியின் பாதி கலந்திருக்குமோ என்ற ஐயம் எழுவது நியாயம்தானே? இரண்டையும் சேர்த்துப் பிடித்து, சிலிண்டர் உட்காரும் முகத்தில் இணைப்பின் குறுக்கே நகத்தை இழுத்தேன், எங்கும் தட்டவில்லை; ஜோடிதான் என்று தோன்றியது.

இரண்டாம் ஞாயிறு முழுவதும் எண்களுக்கே போயிற்று. பிரேமின் கழுத்தில் இருந்த பெயிண்டைத் தின்னரும் துணியும் கொண்டு மெதுவாக எடுத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துச் சேசிஸ் எண்ணைப் பதிவெடுத்தேன். ஆர்.சி. புத்தகத்தோடு அது பொருந்தியது. எஞ்சின் எண்ணில் மட்டும் புத்தகத்தில் 3 என்று தெரிந்த இடத்தில் கிராங்க்கேஸில் 8 இருந்தது. அன்று இரவு தூக்கமில்லை. மறுநாள் புத்தகத்தைச் சூரிய வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான், அந்தக் காலத்து எழுத்தர் எழுதிய 8-இன் இடப்பக்க மை மங்கிப்போயிருப்பது தெரிந்தது. இது ஏதோ சில்லறைச் சரிபார்ப்பு என்று நினைக்க வேண்டாம். எண் பொருந்தாத பிரேமை நான் உதிரிச் சாமானாக மட்டுமே மதிப்பேன், வண்டியாக அல்ல.

எண் பொருந்தினாலும் காகித வேலை மிச்சம் இருக்கிறது. உரிமையாளர் காலமாகிவிட்டதால் வாரிசு பெயருக்கு படிவம் 31, பிறகு என் பெயருக்கு 29-உம் 30-உம், காலாவதியான பதிவைப் புதுப்பிக்க படிவம் 25. புதுப்பிக்க வண்டியை நேரில் காட்ட வேண்டும்; சாக்கை எடுத்துக்கொண்டு போய் நிற்க முடியாது. ஆகவே முழுச் செலவையும் செய்து முடித்த பிறகுதான் பதிவு உயிர்பெறுமா என்பதே உறுதியாகும். இந்த ஆபத்துக்கு ஒரு விலை போட்டே ஆக வேண்டும். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு ஒரு மாற்று வழிதான். ஆனால் அதற்குப் புதிய பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், அதில் பதிந்தால் அன்றாடம் ஓட்டவும் கூடாது. எனக்கோ ஞாயிறுதோறும் பவானிவரை போய்வர ஆசை.

மூன்றாம் ஞாயிறு கணக்கு. எஞ்சின் வேலை 15,000, குரோம் 18,000, பெயிண்ட் 15,000, 6 வோல்ட் டைனமோவும் வயரிங்கும் 9,000, டயர், ஸ்போக் முதலியன 9,000, சைலன்சர் ஜோடி 6,000, இல்லாத சாமான்களுக்கு 22,000 என்று மொத்தம் 94,000 வந்தது. பிரித்த வண்டியில் கண்ணுக்குத் தப்பியவை கட்டாயம் இருக்கும் என்பதால் அதில் கால் பங்கு, அதாவது 23,500 ரூபாய் கூட்டினேன். 1,80,000-இல் இந்த 1,17,500-ஐக் கழித்தால் 62,500. என் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது பொழுதுபோக்கு. காகித ஆபத்துக்காக மேலும் குறைத்து 40,000 கேட்டேன். தார்ப்பாயில் அடுக்கியபோது எடுத்த படங்களை, வெற்றிடங்களோடு, மகனிடம் அப்படியே காட்டினேன். அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அப்பா ஓட்டறப்ப அந்த ஸ்பீடாமீட்டர் இருந்துதுங்க" என்றார். 46,000-க்கு முடிந்தது.

நான்கு மாதங்களுக்குப் பிறகு என் கணக்கில் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. முதலாவது டேங்க். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துத் திருப்தியடைந்தேனே தவிர, மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு வைத்துப் பார்க்கவில்லை. பெயிண்டை உரித்ததும் அடிப்பகுதியில் ஊசித் துளைகள் ஏழு. இரண்டாவது, கியர் லீவர். ஜாவாவில் கியர் மாற்றுவதும், உள்ளே அழுத்திப் பின்னால் திருப்பிக் கிக் அடிப்பதும் ஒரே லீவர்தான்; கியர் மாற்ற அதை அசைத்தாலே கிளட்ச்சும் தானாக விடுபடும். இத்தனை வேலை செய்யும் அந்த லீவர் மாட்டும் தண்டின் பற்கள் பாதி மழுங்கியிருந்ததைக் கிரீஸ் பூச்சு மறைத்திருந்தது. துணியால் ஒருமுறை துடைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

டேங்க் ஒட்டுக்கு 2,800 ரூபாய் ஆயிற்று. மைசூரிலிருந்து வந்த தண்டுக்கும் லீவருக்கும் 5,200. கூட்டி வைத்த 23,500-இல் இன்னும் 15,500 மிச்சம்; கிராங்க் பட்டறையில் இருக்கிறது, டைனமோவை இன்னும் திறக்கவில்லை.