திறந்தவெளியில் பாட்டுக் கேட்ட முதல் நாள்

இத்தனை ஆண்டுகளாக அரங்கில் நாற்காலியில் அமர்ந்தே இசை கேட்டுப் பழகிய எனக்கு, சென்ற மாதம்தான் முதன்முறையாக ஒரு திறந்தவெளி இசைவிழாவுக்குப் போகும் வாய்ப்பு அமைந்தது. நண்பகலில் தொடங்கி இரவு வரை நீளும் விழா. இத்தகைய விழாக்களுக்குப் பலமுறை போய்வந்த அக்காதான் என்னை அழைத்துச் சென்றாள். கூட்டம், வெயில், தண்ணீருக்கு நின்ற வரிசை எல்லாம் இருந்தன. ஆனால் என் மனத்தை விட்டு அகலாமல் இருப்பது வெட்டவெளியில் ஒலி நடந்துகொண்ட விதம்தான் என்பதால், அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

நுழைவாயிலில் காத்திருந்தபோது மேடையிலிருந்து எங்களை வந்தடைந்தது டிரம்மின் தாழ்ந்த அதிர்வு மட்டுமே. யாரோ பாடுகிறார்கள் என்று தெரிந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. உச்சி வெயிலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே உள்ள காற்று சற்றுக் குளிர்ந்தும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. போதாக்குறைக்கு, ஒரு சொல்லை இன்ன சொல் என்று அடையாளம் காட்டும் உயர்ந்த அதிர்வெண்களைக் காற்று வழியிலேயே உறிஞ்சிக்கொள்ள, தாழ்ந்தவை மட்டும் தப்பி வந்து சேர்கின்றன.

உள்ளே நுழைந்ததும் ஆவலில் நேரே மேடைக்கு முன்னால் போய் நின்றேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "இங்கே நின்றால் முகம்தான் நன்றாகத் தெரியும். பாட்டு வேண்டுமென்றால் மிக்ஸர் இருக்கும் கூடாரத்துக்குப் பக்கத்தில் வா" என்றாள். அவள் சொன்னது முற்றிலும் சரி. மைதானத்தின் நடுவே, அந்தக் கூடாரத்தில் மேடையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் ஒலிப்பொறியாளர் தம் காதுக்கு எட்டுவதை வைத்துத்தான் மிக்ஸர் என்னும் ஒலிக்கலவைக் கருவியில் குரலையும் கருவிகளையும் சமன்செய்கிறார். ஆகவே அவர் கேட்பதற்கு மிக நெருக்கமானதை அவருக்கு அருகில் நிற்பவர்களே கேட்கிறார்கள். மேடையருகே கிட்டார் இரைச்சலுக்குள் அமுங்கிக் கிடந்த குரல், கூடாரத்தை நெருங்க நெருங்கத் தனியாக எழுந்து வந்தது.

பிறகு இன்னும் பின்னால் போய்ப் பார்த்தோம். அங்கேதான் அன்றைய முதல் வியப்பு காத்திருந்தது: டிரம் வாசிப்பவரின் குச்சி விழுந்த பிறகுதான் அடியின் ஓசை வந்தது. 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 100 மீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு 0.3 நொடி பிடிக்கிறது. மைதானத்தின் நடுப்பகுதியில் கம்பங்களில் தொங்கிய கூடுதல் ஸ்பீக்கர்களுக்கு மின்குறிப்பு நொடிப்பொழுதில் போய்விடும் என்றாலும், மேடையின் ஒலி நடந்து வந்து சேரும் வரை அதை வேண்டுமென்றே தாமதப்படுத்தி வெளியிடுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இருமுறை கேட்கும். 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் திறந்தவெளியில் நடந்த வுட்ஸ்டாக் இசைவிழாவில் 4 லட்சம் பேர் அளவில் திரண்ட கூட்டத்துக்காக, ஒலிப்பொறியாளர் பில் ஹான்லி உயரமான கோபுரங்களில் ஸ்பீக்கர்களை ஏற்றிய கதையை முன்பே படித்திருக்கிறேன். அந்த வேலையின் அருமை இங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

முதன்முறை போகிறவர்கள் காதடைப்பான் இல்லாமல் போகவே கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை, இத்தகைய இடங்களில் 15 நிமிடச் சராசரி ஒலியளவு 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அந்த அளவேகூட நாள் முழுவதும் தாங்கத் தக்கதன்று. மென்மையான நுரைப்பஞ்சை விரல்களுக்கிடையே மெல்லிய திரியாக உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, திரியை உள்ளே செலுத்தி, அது விரிந்து அடைக்கும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். அக்கா செய்து காட்டிய பிறகும் எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் சரியாகப் பொருந்தியது.

மாலையில், சிறிய மேடையில் ஒரு புல்லாங்குழல் கலைஞரும் வயலின் கலைஞரும் வாசித்தார்கள். சூரியன் இறங்கியதும் இருவரும் வாசிப்பை நிறுத்திவிட்டு நெடுநேரம் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறைந்து குழலின் சுருதி இறங்கும். அதே குளிரில் வயலினின் கம்பிகள் சுருங்கி இறுகி அதன் சுருதி ஏறும். ஒரே காற்று இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கிறது. வயலினைத் தாடையில் அழுத்தியபடி, கண்களை மூடிக்கொண்டு, நுண்திருகை மயிரிழை அளவு அவர் திருப்பியதையும், குழலின் ஒற்றை நீண்ட ஸ்வரம் அதற்காகக் காத்து நின்றதையும் பத்தடி தொலைவிலிருந்து பார்த்தேன். அன்று நான் கேட்டவற்றில் எதைவிடவும் அந்தச் சில நிமிடங்களையே பெரிதாக எண்ணுகிறேன்.

இரவு, கடைசிப் பாடகர் மேடையேறிய பிறகு, நெரிசலுக்கு முன்பே கிளம்பிவிடலாம் என்று அக்கா சொன்னதால் நடக்கத் தொடங்கினோம். நண்பகலில் காத்திருந்த அதே நுழைவாயிலை அடைந்தபோது இருவருமே நின்றுவிட்டோம். தரை குளிர்ந்து, வெப்பம் மேலடுக்குக் காற்றில் தங்கிவிட்டதால், இப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து எங்களை நோக்கியே வந்தது. காதடைப்பானைக் கழற்றினேன். அவர் மூச்சை இழுப்பதும், பல்லவியின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டன. அந்தப் பாட்டு முடியும் வரை அங்கிருந்து நாங்கள் நகரவில்லை.