தட்டிப் பார்க்கும் வேலை

சிங்கப்பூரில் புறநகர் எங்கே இருக்கிறது என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாடும் தலைநகரமும் ஒன்றாகவே இருக்கும் தீவு இது. கிழக்கு மேற்காக அளந்தால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்; திருச்சியில் பஸ் ஏறித் தஞ்சாவூரில் இறங்கும் தூரம். இதற்குள் நகரம் எது, புறநகர் எது? ஆனால் இங்கேயே இருந்து பழகியவர்களுக்கு எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் தள்ளிப் போனாலே அது வனவாசம். அப்படிப்பட்ட இடத்தை ‘உலு’ என்பார்கள். மலாய்ச் சொல், ஆற்றின் தலைப்பக்கம், உள்ளடங்கிய பகுதி என்று பொருள். சீனரும் தமிழரும் அதே சொல்லை அதே முகச்சுளிப்போடுதான் சொல்கிறோம்.

2023 கடைசியில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு முதலாளி அழைத்து, “தெங்காவில் இந்த வாரம் மூன்று வீடுகள், முடித்துக் கொடுத்துவிடு” என்றபோது என் வாயிலும் அந்தச் சொல்தான் வந்தது. மலாயில் தெங்கா என்றால் நடு. தீவின் மேற்குப் பக்கத்தில், காட்டுக்கும் விமானப்படைத் தளத்துக்கும் பக்கத்தில் கிடந்த நிலத்துக்கு நடு என்று யார் பெயர் வைத்தார்களோ, அவர்கள் எங்கே நின்றுகொண்டு வைத்தார்களோ!

புக்கிட் பாத்தோக்கில் 992 பிடித்தேன். பஸ்ஸில் ஏழெட்டுப் பேர். அதில் ஒருவர் பெயிண்ட் டப்பாவை மடியில் வைத்திருந்தார், இருவர் கையில் அளவு நாடா, ஒருவர் காலுக்கிடையில் துளையிடும் இயந்திரம். குடியிருக்கப் போகிறவர் என்று சொல்லும்படி ஒரே ஒரு பெண்தான் இருந்தார். அவரும் திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போகிறவராம். புது ஊருக்கு முதலில் போய்ச் சேருவது எப்போதும் எங்கள் கூட்டம்தான்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய வீட்டுக்குச் சாவி வாங்கியவர்கள், உள் வேலைகளைத் தொடங்குமுன் வீட்டில் என்னென்ன குறைகள் என்று பார்த்துச் சொல்ல எங்களைப் போன்றவர்களை அழைப்பார்கள். சாவி வாங்கிய ஓராண்டுக்குள் சொன்னால் கட்டியவர்கள் சரிசெய்து கொடுக்க வேண்டும். ஆகவே முதல் சில நாட்களிலேயே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரு பதற்றம். என் பையில் ரசமட்டம், கைவிளக்கு, மின்சாரப் பிளக்கைச் சோதிக்கும் சிறு கருவி, தண்ணீர் ஊற்றிப் பார்க்க மடக்கு வாளி, குறை உள்ள இடத்தில் ஒட்ட நீல நாடா. எல்லாவற்றையும்விட முக்கியமானது நுனியில் சின்ன உலோக உருண்டை வைத்த ஒரு குச்சி. இழுத்தால் நீளும், குனியாமலே தரையைத் தட்டலாம்.

தட்டுவதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. டைலுக்கு அடியில் கலவை நன்றாகப் பிடித்திருந்தால் ‘டிக்’ என்று குறுகிய, கெட்டியான ஓசை வரும். கலவை இறங்காமல் காற்று நின்ற இடத்தில் ‘டொப்’ என்று கொஞ்சம் இழுத்து, காலிப் பானையைத் தொட்டதுபோல் கேட்கும். ஒரே டைலின் மூன்று மூலையும் ‘டிக்’, நான்காவது மட்டும் ‘டொப்’ என்பதும் உண்டு. புதிதாகச் சேரும் பையன்களுக்கு இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடிவதில்லை. பக்கத்தில் நிறுத்திவைத்து, கண்ணை மூடச் சொல்லி, நூறு டைலாவது தட்டிக் காட்ட வேண்டும். ‘டொப்’ என்றால் உடனே பெயர்த்துவிட வேண்டும் என்பதில்லை. அப்படிக் கேட்கும் டைல்கள் பத்து இருபது வருடம் ஒன்றும் ஆகாமல் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். இதை வீட்டுக்காரர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. காசு கொடுத்து அழைத்தவன், “பரவாயில்லை” என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்!

எனக்கு இந்தக் காது தாத்தாவிடமிருந்து வந்தது. கொள்ளிடக் கரையில் லால்குடிப் பக்கம் அவர் செங்கல் காளவாயில் வேலை பார்த்தார். சுட்டு ஆறிய கல்லில் கைக்கொன்றாக இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். கணீரென்று வந்தால் இடப்பக்கம், மொட்டையாக வந்தால் வலப்பக்கம். வலப்பக்கக் குவியல் மலிவு விலைக்கு மதில் கட்டப் போகும். தெங்கா நகரின் ஐந்து வட்டாரங்களில் ஒன்றுக்கு பிரிக்லேண்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முன்பு அந்தப் பக்கம் செங்கல் உற்பத்தி நடந்த நினைவாக. அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தபோது தாத்தா நினைவு வந்தது. ஆனால் நான் தட்டப் போன வீடுகளில் செங்கல் தேடினாலும் கிடைக்காது. சுவர்கள் தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளாக வருகின்றன. குளியலறையே டைல் ஒட்டி, குழாய் பூட்டி, முழுப் பெட்டியாக வந்து கிரேனில் ஏறி உட்காரும் காலம் இது.

முதல் வீட்டிலேயே ஒரு பாடம். பாதிக் கூடம் தட்டியிருப்பேன், தலைக்கு மேல் போர் விமானம். பேச்சு நின்றது, தட்டுவதும் நின்றது. தெங்கா விமானத் தளம் 1939 முதல் இயங்கி வருகிறது. 1942 பிப்ரவரியில் வடமேற்குக் கரையில் இறங்கிய ஜப்பானியப் படை மறுநாளே பிடித்த தளம் அது. வீடுகள்தான் பிறகு வந்தன. விமானச் சத்தம் ஓயும்வரை குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி, கோயில் வாசலில் பிரம்போடு நிற்கும் காவல்காரனைப் போல் நின்றேன். அன்றைக்கு மட்டும் ஐந்தாறு முறை அப்படி நிற்க வேண்டியதாயிற்று. இரண்டு மணி நேரத்தில் முடியும் வீடு மூன்றரை மணி நேரம் எடுத்தது.

இரண்டாவது வீட்டில் நான் நடந்துகொண்ட விதம் பெருமைப்படும்படி இல்லை. இளம் தம்பதி. அந்த வீட்டில் 118 நாடா ஒட்டினேன். எங்கள் முதலாளிக்கு எண்ணிக்கை பிடிக்கும். நூறைத் தாண்டினால்தான் வாடிக்கையாளருக்குக் கொடுத்த காசு செரிக்கும் என்பார். கதவு நிலையில் நகக்கண் அளவு கீறல், ஒரு நாடா. சுவரில் பெயிண்ட் சற்றுத் தடித்த இடம், ஒரு நாடா. குளியலறையில் வாட்டம் சரியில்லாமல் ஒரு மூலையில் தண்ணீர் தேங்கி நின்றது, அதற்கும் அதே நீல நாடா ஒன்றுதான். வேலை முடிந்து திரும்பிப் பார்த்தால், வீடு முழுக்க அம்மை போட்டதுபோல் இருந்தது. அந்தப் பெண், போர் வந்தால் பதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டிவைத்திருக்கும் பாதுகாப்பு அறையின் இரும்புக் கதவுப் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

“ஐந்து வருஷம் காத்திருந்தோம், அண்ணே” என்றாள்.

கணவர் நிதானமானவர். “இதில் எது பெரியது, எது சின்னது?” என்று மட்டும் கேட்டார். வாடிக்கையாளர் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பதில் யோசிக்க வேண்டிவந்தது அதுதான் முதல் தடவை. குளியலறை மூலையைக் காட்டினேன். சன்னல் கொக்கி ஒன்றைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்து, சமையலறையில் இரண்டு டைல்களைக் காட்டினேன். அவ்வளவுதான். மற்ற 114 நாடாவும் எண்ணிக்கைக்காக ஒட்டியவை. அதன் பிறகு இரண்டு நிறத்தில் நாடா வைத்திருக்கிறேன். நீலம் சரிசெய்தே ஆக வேண்டியதற்கு. மஞ்சள், பார்த்துக்கொண்டே குடியிருக்கலாம் என்பதற்கு. மஞ்சள் நாடாவுக்கு நிறுவனம் காசு தராது. என் கைக்காசில் வாங்குகிறேன்.

மூன்றாவது வீடு, வெள்ளிக்கிழமை. சாவி வாங்கியவர் இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுத் தமிழ்ப் பையன். மனைவி வேலைக்குப் போயிருந்தார். கூடவே அவருடைய பாட்டி, எழுபத்தைந்து இருக்கும், நூல் சேலை, கையில் துணிப்பை. பேரனோடு இந்த வீட்டுக்கு வந்துவிடப் போகிறவர். நான் தட்ட ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

“என்ன தம்பி, வாசல் கதவைத் தட்டுவதுபோல் தரையைத் தட்டுகிறீர்கள்? கீழ் வீட்டுக்காரர் திறந்துவிடப் போகிறார்.”

“கீழே இன்னும் யாரும் குடிவரவில்லை, அம்மா.”

“மேலே?”

“மேலேயும் இல்லை.”

அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தார். அது மெல்ல உருண்டு, சற்று யோசித்து, மறுபடியும் உருண்டு, வாசல் பக்கமாகப் போய் நின்றது. என்னைப் பார்த்தார். நான் ரசமட்டத்தை அதே இடத்தில் வைத்தேன். குமிழ் இரண்டு கோட்டுக்கும் நடுவில் அசையாமல் நின்றது. எலுமிச்சைக்குக் காம்புப் பக்கம் ஒரு மேடு, நுனியில் ஒரு மூக்கு. அது உருளும் திசையை வைத்துத் தரையைக் குறை சொல்ல முடியாது என்று விளக்கினேன். “சரி, உங்கள் கண்ணாடிக் குழாய் சொல்வது உங்களுக்கு” என்று பழத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆனாலும் அவர் அந்தப் பக்கம் போனதும் வாசல் வரை ரசமட்டத்தை நகர்த்தி நகர்த்தி இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

பேரனுக்குக் கவலை டைலில் இல்லை. சமையலறையில் நான் குழாய் மூட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அண்ணே, பல வீடுகளுக்குப் போகிறீர்களே, இந்தப் புளோக்கில் வயதானவர்கள் யாராவது வருகிறார்களா? தமிழ்க் குடும்பம்? அங் மோ கியோவில் பாட்டிக்குக் கீழே இறங்கினால் நாலு பேர் உண்டு, சந்தை உண்டு. இங்கே கறிவேப்பிலைக்கே பஸ் ஏற வேண்டும்.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 2016இல் திட்டம் அறிவித்தார்கள். 700 ஹெக்டேர், முடியும்போது 42,000 வீடுகள். பொங்கோலுக்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேலாக எடுத்த முதல் புது நகரம். ஜூரோங் வட்டார எம்ஆர்டி பாதை 2027இல் தொடங்கிக் கட்டம் கட்டமாக வரும். பொங்கோல் கதையையும் சொன்னேன். 2007இல் நான் தளமேற்பார்வையாளனாகப் பொங்கோல் பக்கம் வேலைக்குச் சேர்ந்தபோது, மழை பெய்தால் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். 1996இல் பெரிதாக அறிவித்த திட்டம் அடுத்த ஆண்டே ஆசிய நிதி நெருக்கடியில் சிக்கி நொண்டியது. அப்போது அதுதான் உலு. இன்றைக்குப் பொங்கோலில் இருக்கும் நண்பர்கள் என்னிடம், “அவ்வளவு தூரம் தெங்காவுக்கா போகிறாய், பாவம்” என்கிறார்கள். பையன் சிரித்தார், ஆனால் கேட்டதற்கு இது பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

பாட்டிக்குக் காது நல்ல கூர்மை. கூடத்திலிருந்தே பேச ஆரம்பித்தார். பிறந்தது செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில். அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே வேலை. 1977இல் கணவரோடு அங் மோ கியோ. “அப்போது அதுதான் காடு. என் அம்மா வந்து பார்த்துவிட்டு, பெண்ணைக் கண்காணாத இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டோம் என்று அழுதாள்.”

“ஆள் பழக்கம் எப்படி வந்தது, அம்மா?” என்று கேட்டேன்.

“மின்தூக்கியால்தான். அந்தக் காலத்தில் அது எல்லா மாடியிலும் நிற்குமா என்ன? ஐந்தாவது மாடியில் இறங்கி எங்கள் ஏழாவது மாடிக்குப் படி ஏறுவோம். கையில் காய்கறிக் கூடை, இடுப்பில் இவன் அப்பா. மூச்சு வாங்க நிற்கும் இடத்தில் ஆறாம் மாடிக்காரியும் நிற்பாள். அந்தப் படிக்கட்டில்தான் எனக்கு ஊரே பழக்கம். இங்கே வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிறதே, நான் எங்கே போய் நிற்பது?”

அவர் சொன்னது உண்மைதான். பழைய புளோக்குகளில் மின்தூக்கி சில மாடிகளில்தான் நின்றது. 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில்தான் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்படி செய்தார்கள். அந்த வேலையில் நானும் ஓராண்டு இருந்திருக்கிறேன். முழங்கால் வலிக்காரர்கள் எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து வாழ்த்தினார்கள். படிக்கட்டு காலியாகும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மேலே விமானம் போனது. வழக்கம்போல் குச்சியைத் தூக்கிப் பிடித்து நின்றேன். பேரன் முகம் சுருங்கியது. பாட்டி, “நான் கப்பல் பட்டறைச் சங்கு கேட்டு வளர்ந்தவள், இது என்ன” என்று சொல்லிவிட்டு, பாதுகாப்பு அறையைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். சாமி படம் வைக்க அது தோதாக இருக்குமா என்று கேட்டார். சுவரை நினைத்தபடி குடையக் கூடாது, அலமாரி வைத்து அதில் வைக்கலாம் என்றேன். விடியற்காலை வெளிச்சம் எந்தப் பக்கம் வரும் என்றார். கைபேசியில் திசை பார்த்துச் சமையலறைச் சன்னலைக் காட்டினேன். “அப்படியானால் பாலை அந்தப் பக்கம் பார்த்துக் காய்ச்சலாம்” என்றார். பொங்கும் பால் எந்தப் பக்கம் வழியும் என்பதற்கு மட்டும் என் ரசமட்டத்தைக் கேட்கவில்லை.

அந்த வீட்டில் நீலம் ஒன்பது, மஞ்சள் இருபத்திரண்டு. கணக்கைப் பார்த்து முதலாளி என்ன சொல்வார் என்று தெரியும். பையனிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பாட்டி வாசல் வரை வந்தார். கம்பிக் கதவைச் சாத்தாமல் அங்கேயே நின்று, ஆளில்லாத நடைபாதையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது கீழ் மாடியிலிருந்து அந்த ஓசை கேட்டது. டிக், டிக், டிக். வேறு நிறுவனத்து ஆள் யாரோ. வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார், நிதானமான கை. டிக், டிக், டொப். அதைக் கடந்து இன்னும் இரண்டு தட்டினார். கேட்கவில்லையோ என்று நினைத்தேன். மின்தூக்கி வந்து கதவு திறந்தது. நான் ஏறவில்லை. கீழே ஓசை நின்றது, திரும்பி வந்தது, அதே டைலை மறுபடி ஒருமுறை தட்டியது. பிறகு நாடாவைக் கிழிக்கும் சத்தம்.