பிஸ்கட் டின்னில் இருந்த காமன்

அப்பா போய் எட்டாம் மாதம், அலுமாரிக்கு மேலே இருந்த பிஸ்கட் டின்னை இறக்கினேன். ஓய்வூதியக் கடிதங்கள், கால் உடைந்த மூக்குக்கண்ணாடி, அடியில் நான்கு கறுப்பு பிளாப்பி டிஸ்க். அதில் ஒன்றின் லேபலில் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் ‘காமன் 99’. பக்கத்தில் சிவப்புப் பேனையால் ‘பழுது’.

அந்தப் பழுதின் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வாத்தியார். மாசி மாதம் தோட்டத்தில் காமன் ஊன்றினால் (சிவன் மன்மதனை எரித்த கதையை, ரதி மன்மதன் வேஷம் கட்டிப் பாடி ஆடும் கூத்து அது) அன்றிலிருந்து வீட்டில் அவரைப் பிடிக்க முடியாது. கூத்து மாஸ்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டையெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பார். 1999இல் அதை ஒழுங்காக அச்சில் கொண்டுவர வேண்டும் என்று டவுனில் நண்பர் ஒருவரின் டைப்பிங் சென்டருக்கு மாலை நேரங்களில் போய், ஒரு விரலால் தட்டித் தட்டி டைப் பண்ணினார். வேர்ட் 97, பாமினி என்ற தமிழ் எழுத்துரு. கொம்பியூட்டர் நம்முடையது இல்லை என்பதால் நேராக பிளாப்பியிலேயே சேவ் பண்ணுவது அவர் பழக்கம். ஐப்பசி இடிமழையில் ஒரு நாள், டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே லைட் போய்விட்டது. மறுநாள் பைல் திறக்கவில்லை. கொப்பியை அதற்குள் யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள், திரும்பி வரவே இல்லை. “மன்மதனைச் சிவன் எரிச்சாரு, என் மன்மதன கரண்ட் எரிச்சிருச்சு” என்று சொல்லிச் சிரிப்பார். அப்புறம் அதைத் தொடவில்லை.

டவுனில் கொம்பியூட்டர் திருத்தும் கடை ஒன்றுக்கு முதலில் கொண்டுபோனேன். “இதெல்லாம் இப்ப யாரு மிஸ் பாவிக்கிறாங்க, வீசிட்டுப் போங்க” என்றார் பையன். சித்தப்பா மகன் கொழும்பில் இருக்கிறான். அவன்தான் யூஎஸ்பியில் குத்தும் பிளாப்பி டிரைவ் ஒன்றைப் புறக்கோட்டையில் தேடி வாங்கி, பஸ்ஸில் போட்டு அனுப்பினான்.

முதல் தவறு என்னுடையது. ஆசையில், நான்கில் கைக்கு வந்த ஒன்றை அப்படியே உள்ளே தள்ளிவிட்டேன். கீச்சென்று ஒரு சத்தம். வெளியே எடுத்து உலோகக் கதவை நகர்த்திப் பார்த்தால் பழுப்புத் தட்டில் வட்டமாக ஒரு கீறல். நல்லவேளை, அது தவணைப் பரீட்சை வினாத்தாள்.

எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் துவாய் காய மூன்று நாள் எடுக்கும். அலுமாரியில் தொங்கும் சேலைக்கே பூஞ்சணம் பிடிக்கும்போது டிஸ்கை மட்டும் விடுமா? காமன் டிஸ்கின் கதவை நகர்த்தி, பின்பக்கம் இருக்கும் சில்லை விரலால் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். தோசைக்கல்லில் மாவு தெறித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். இப்படி இருக்கிற டிஸ்கை டிரைவுக்குள் போட்டால் வாசிக்கும் தலை அந்தப் பூஞ்சணத்தில் தேய்ந்து, எழுத்து பதிந்திருக்கும் பூச்சையே உரித்துவிடும். போதாததற்கு அடுத்து வரும் டிஸ்குக்கும் அதைப் பூசிவிடும். பார்மசியில் ஐசோப்ரொப்பில் அல்கஹோல் ஒரு போத்தல் வாங்கி, காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சியை நனைத்து, கதவுத் திறப்புக்குள் தெரியும் அந்தச் சின்ன இடத்தை மட்டும் துடைப்பது, கொஞ்சம் சுற்றுவது, மறுபடி துடைப்பது. இரண்டு பக்கமும். மூன்று மணித்தியாலம் ஆனது. டிரைவின் தலையையும் துடைத்தேன். பிறகு ஒரு இரவு காயவிட்டேன்.

இனித் திறக்கலாம்தானே என்று கொழும்புத் தம்பிக்கு போன் பண்ணினேன். “ஐயோ அக்கா, டிஸ்கில இருந்து நேரா திறக்காதீங்க. முதல்ல முழு டிஸ்கையும் ஒரு படி எடுங்க. அதுக்கப்புறம் டிஸ்க டின்னுக்குள்ளயே போட்டுருங்க” என்றான். இந்த ஒரு விஷயத்தை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் இதை எழுத எனக்கு வேலை இருந்திருக்காது. ஏனென்றால் விண்டோஸ் இந்த மாதிரி டிஸ்கைப் பார்த்ததும் ‘போர்மெட் செய்யவா’ என்று மரியாதையாகக் கேட்கும். ஆம் என்று சொன்னால் கதை முடிந்தது.

தம்பி சொல்லித் தந்தபடி பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். ஒரு பிளாப்பியில் 2,880 கட்டங்கள், கட்டத்துக்கு 512 பைட். இந்த மென்பொருள் முதலில் சுலபமாக வாசிக்கக்கூடிய கட்டங்களையெல்லாம் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிப்பவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு திரும்பத் திரும்பப் போய்த் தட்டும். பத்து நிமிடத்தில் நாற்பது கட்டம்தான் பாக்கி என்று காட்டியது. அந்த நாற்பதுக்காக இரவு முழுக்க கறக், கறக் என்று சத்தம். அம்மா அறைக்குள் இருந்து, “எலி வந்திருச்சா?” என்றார். காலையில் 11 பாக்கி. அந்த 11 கடைசிவரை வரவில்லை.

சரி, இப்போது பைல். புது வேர்டில் இரட்டைச் சொடுக்குப் போட்டேன், பழுதான பைல் என்றது. திற என்ற பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அமுக்கினால் ‘திறந்து பழுது பார்’ என்று ஒன்று வரும். அதைக் கொடுத்தேன். மூன்று பக்கம் வந்தது, அதற்குப் பிறகு வெறும் சதுரங்கள். வேர்ட் மாதிரியே இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் இன்னும் கொஞ்சம் தாராளம். அது 14 பக்கம் தந்துவிட்டு, ரதி புலம்பத் தொடங்கும் இடத்தில் பாதி வரியில் நின்றது. அந்த 14 பக்கத்தை உடனே எடுத்து வைத்தேன். எடுக்கும்போது ஒரு சூட்சுமம்: எல்லாவற்றையும் தெரிவு செய்து, கடைசிப் பந்திக் குறியை மட்டும் விட்டுவிட்டுப் புதுப் பைலில் ஒட்ட வேண்டும். ஆவணத்தின் அமைப்பு விவரங்கள் பலவும் அந்தக் கடைசிக் குறியில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அதையும் சேர்த்து இழுத்தால் நோயும் கூடவே வந்துவிடும்.

மிச்சத்துக்கு, வேர்டில் பைல் திறக்கும் பெட்டியில் வகைப் பட்டியலைக் கீழே இழுத்தால் ‘எந்தப் பைலிலிருந்தும் எழுத்தை மீட்க’ என்ற வழி ஒன்று இருக்கும். அது வடிவம், தடிப்பு, அட்டவணை ஒன்றையும் மதிக்காது. பைலுக்குள் எழுத்து மாதிரி எது தெரிந்தாலும் கொண்டுவந்து கொட்டும். கொட்டியது. முப்பது பக்கத்துக்கு மேல் ஆங்கிலக் குப்பை மாதிரி ஒன்று.

குப்பை இல்லை, பாமினி. பாமினியில் கொம்பியூட்டருக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து மட்டும். ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே கிடப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. அதற்குத் தமிழ்ச் சட்டை போடுவது எழுத்துரு. இதைப் பழைய சனியன் என்று நானே திட்டியிருக்கிறேன். ஆனால் இந்த முறை காப்பாற்றியது அதுதான். எழுத்துக்கு ஒரு பைட் என்று நேராகக் கிடந்ததால், உடைந்த பைலுக்குள்ளும் வரி வரியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. முழுவதையும் தெரிவு செய்து பாமினியைக் கொடுத்தேன். அப்பா அடித்த முதல் வரி, விநாயகர் காப்பு, திரையில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை.

சந்தோஷத்தில் கண்டியில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். அவள் போனில் எல்லாம் ஜே, கே, பி, ஓ. எரிந்த மன்மதன் எழுந்து வந்தாலும் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்று கூத்தில் வருமே, அது மாதிரி என் லேப்டாப்புக்கு மட்டும் தெரிகிற காமன். ஆகவே எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டுக்கு மாற்றத்தான் வேண்டும். இணையத்தில் மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஒட்டினால் ஒரு நொடியில் மாற்றித் தரும். அதற்குப் பிறகு உட்கார்ந்து திருத்தினேனே, அதுதான் இரண்டு மாதம்.

பாமினியில் ‘ர’வும் துணைக்காலும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான், விசை மட்டும் வேறு. அப்பா கையில் எது அகப்பட்டதோ அதை அடித்திருக்கிறார். தாளில் பார்த்தால் சரியாக இருக்கும், மாற்றியில் போட்டால் ‘மரம்’ ‘மாம்’ ஆகிவிடும். இன்னொன்று எனக்குப் பிடிபட ஒரு வாரம் எடுத்தது. முற்றுப்புள்ளிக்குப் பிறகு வந்த ‘க’வெல்லாம் ‘கு’ ஆகியிருந்தது, ‘ம’வெல்லாம் ‘மு’. கணவன் குணவன் ஆகிவிட்டான், மலை முலை ஆகிவிட்டது. ரதி பாடுகிற பாட்டில் இது என்ன வேலை செய்யும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். காரணம், ஆங்கில வாக்கியம் என்று நினைத்து வேர்ட் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியிருக்கிறது. பாமினியில் சின்ன எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. பழைய பாமினி பைல் வைத்திருப்பவர்கள் முற்றுப்புள்ளியை அடுத்து வரும் எழுத்தைக் கட்டாயம் பாருங்கள்.

வாசிக்க முடியாமல் போன 11 கட்டத்தால் நடுவில் அங்கங்கே பாட்டு அறுந்திருந்தது. கூட்டிப் பார்த்தால் இரண்டு, மூன்று பக்கம் இருக்கும். அதற்கு மென்பொருள் இல்லை. மாமா இருந்தார். சொந்த மாமா இல்லை, அப்பாவின் கூட்டாளி. இளந்தாரியில் ரதி வேஷம் கட்டியவர். இப்போது பல் இல்லை, குரல் இருக்கிறது. லயத்து (தோட்டத்து வரிசை வீடு) வாசலில் உட்கார்ந்து, அறுந்த வரிக்கு முன் வரியை நான் வாசிப்பேன். அவர் தொடையில் தப்பு அடிக்கிற மாதிரி தட்டிக்கொண்டே மிச்சத்தைப் பாடுவார். சொல்லச் சொன்னால் வராது, பாடினால்தான் வரும்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. எழுத்தை மீட்ட அந்த முப்பது பக்கத்தில், லிப்ரே ஒபிஸ் தந்த 14 பக்கத்தில் இல்லாத பாட்டுகளும் இருந்தன, அதுவும் இடம் மாறி. முதலில் வேறு பைல் ஏதோ கலந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் விளங்கியது. வேர்ட் 97இல் ‘வேகமாகச் சேவ் பண்ணு’ என்ற ஒரு வசதி. அந்தக் காலத்துக் கொம்பியூட்டர் ஆமை மாதிரி என்பதால், ஒவ்வொரு முறையும் முழு பைலையும் புதிதாக எழுதாமல், மாற்றத்தை மட்டும் கடைசியில் சேர்த்துக்கொண்டு போகும். தோட்டத்து ஆள் கணக்கான செக்ரோல் எழுதுகிறவர் புத்தகம் முழுவதையும் திருப்பி எழுத மாட்டாரே, ஒரு பெயரை வெட்டிவிட்டுக் கடைசியில் ‘இன்னாருக்குப் பதில் இன்னார்’ என்று எழுதுவாரே, அதே வேலை. வெட்டிய பெயர் கோட்டுக்குக் கீழே இருந்துகொண்டேதான் இருக்கும். அப்பா அழித்தவையும் அப்படித்தான் உள்ளே இருந்திருக்கின்றன.

அதில் ஒன்று:

‘கொழுந்துக் கூடை கனக்கலையே ரதியே,
கணக்கப்பிள்ள தராசு கனக்குதடி.’

இது பழைய பாட்டு இல்லை, கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளையைக் குத்தும் அப்பாவின் கைவேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் அழித்ததை நான் திரும்பப் போடலாமா? ஒருவர் வேண்டாம் என்று எடுத்ததை, பைல் மறக்கவில்லை என்பதற்காக அச்சில் போடுவது சரியில்லை என்றுதான் எனக்குப் பட்டது. இருந்தாலும் மாமாவிடம் வாசித்துக் காட்டினேன்.

தொடையில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு வாய் முழுக்கச் சிரிப்பு.

“இது எங்க பாப்பா கெடச்சிச்சு? கணக்கப்பிள்ள ஐயாதான் அந்த வருசம் கொட்டகைக்குக் காசு குடுத்தாரு. முன்னால நாற்காலி போட்டு ஒக்காந்திருப்பாரு. அதனால ஒங்கப்பா எழுத்துல வேணாமுன்னு எடுத்துட்டாரு.”

“அப்ப பாடவே இல்லையா மாமா?”

“பாடாம? அவரு ரெண்டு மணிக்கெல்லாம் தூங்கப் போயிருவாரு. அதுக்கப்புறம் பாடுவோம். ஒங்கப்பாதான் எடுத்துக் குடுப்பாரு.”

அந்த இரண்டு வரியையும் அதன் இடத்தில் சேர்த்துவிட்டேன். மேலே சின்ன எழுத்தில், ‘இரவு 2 மணிக்குப் பிறகு’.