‘படம்க்கு நகர்த்தப்பட்டது’

கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்க உட்காருபவர் முன்னால் திறந்திருப்பது ஒரு பிஓ கோப்பு. மேலே ஆங்கில வரி, கீழே தமிழுக்கான காலி இடம். ‘திற’, ‘மூடு’, ‘சேமி’ வகையெல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

நேரத்தைத் தின்பது % குறி போட்ட வரிகள். நிரல் ஓடும்போது அந்த இடத்தில் ஏதோ ஒரு பெயர் வந்து உட்காரும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டுவதால், குறிக்குப் பின்னால் வெறுமனே ‘க்கு’ சேர்த்தால் திரையில் ‘படம்க்கு நகர்த்தப்பட்டது’ என்று வரும். ‘படம் என்ற கோப்புறைக்கு’ என்று மாற்றினால் தீர்ந்தது. ஆனால் அங்கே எப்போதும் கோப்புறைதான் வருமா? வரிக்கு மேலே மூலநிரல் கோப்பின் பெயரும் வரி எண்ணும் குறித்திருக்கும். அதைத் திறந்து பார்க்க வேண்டும். சில நேரம் கோப்பும் வரும் என்றால், வரியை இரண்டாகப் பிரித்துத் தரும்படி நிரலரிடம் கேட்க வேண்டும். நாலு சொல்லுக்கு அரை மணி நேரம். சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசியவருக்கு இது நஷ்டக் கணக்கு. தன்னார்வமாகச் செய்யும் இந்த வேலையில் அந்தக் கணக்கே கிடையாது.

ஒரே வரியில் இரண்டு % குறிகள் இருந்தால், தமிழ் வாக்கிய அமைப்புக்காக இடம் மாற்றும்போது 1, 2 என்று வரிசை எண்ணும் கொடுக்க வேண்டும். மறந்தால் பெயர்கள் இடம் மாறும்; ஒன்று எழுத்து, மற்றது எண் என்றால், எழுத்து வரவேண்டிய இடத்தில் எண் போய் நிரலே விழுந்துவிடலாம். பிஓ கோப்புகளைக் கையாளும் கெட்டெக்ஸ்ட் கருவியில் சரிபார்ப்பை ஓட்டினால் இந்த எழுத்து-எண் குழப்பம் முன்பே சிக்கும்.

பணம் புழங்காத இடத்திலும் ஓர் எண் முதலாளியாக வந்து உட்காருவது உண்டு. அது மொழிபெயர்ப்புச் சதவீதம். புதிய வெளியீட்டுக்காகக் கோப்பை இணைக்கும்போது, பழைய வரியைப் போலிருக்கும் புதிய வரிக்குப் பழைய தமிழையே போட்டு ‘ஃபஸி’ (உறுதியாகாதது) என்று குறி வைத்துவிடும் கருவி. குறி இருக்கும்வரை அந்தத் தமிழ் திரைக்கு வராது, ஆங்கிலமே தெரியும். அதுதான் பாதுகாப்பு. சதவீதம் ஏற வேண்டுமென்ற அவசரத்தில் குறிகளை மொத்தமாக நீக்கினால், ‘கோப்புறையை அழிக்கவா?’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘கோப்பை அழிக்கவா?’ என்று கேட்கும். ஒரு கோப்புதானே என்று ‘சரி’யை அழுத்துபவரின் கோப்புறையே போய்விடும். 100% காட்டும் கோப்பைவிட, சரிபார்த்த 70% மேல்.

லினக்ஸ் கணினிகளில் பயன்படும் திரைச்சூழலான க்னோம் ஆண்டுக்கு இரண்டு முறை வெளியாகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் வரிகளை மாற்றாமல் நிறுத்திவைக்கும் காலம் ஒன்று உண்டு. அது தொடங்கியதும் முதலில் ஃபஸி வரிகள், பிறகு பிழைச்செய்திகள், கடைசியில்தான் யாரும் திறக்காத அமைப்புப் பக்கங்கள். முடித்தபின் செயலியைத் தமிழில் ஓட்டி ஒவ்வொரு பட்டியலையும் திறந்து பார்ப்பது நல்லது. பிஓ கோப்பில் அழகாக இருந்த சொல் பொத்தானுக்குள் அடங்காது.

சந்தை இருக்கிறதா என்று யாரிடமும் அனுமதி கேட்காமல் இவ்வளவும் செய்யலாம். ஆனால் மற்றவர் அனுப்பும் தமிழாக்கத்தைச் சரிபார்ப்பவருக்கும் பகலில் வேறு வேலை உண்டு. திருத்தம் மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடந்தால், அனுப்பியவர் இரண்டாவதை அனுப்புவதில்லை. பத்து வரித் திருத்தமாக இருந்தாலும், ‘பார்த்தேன், மூன்றாவது வரியில் உருபை மட்டும் மாற்றுங்கள்’ என்று அன்றைக்கே எழுதிவிட வேண்டும்.