ஏர் பிஸ்டல்: சைட் திருகைத் தொடும் முன்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு ஏர் பிஸ்டல் பக்கம் வரும் பிள்ளைகள் அதிகம். மாநிலப் போட்டிக்குத் தயாராகும்போது குறிபார்க்கும் சைட்டின் திருகைக் காட்டி அவர்கள் என்னிடம் கேட்பது, "அண்ணா, எத்தனை கிளிக் திருப்பணும்?" (திருகு ஒரு படி நகர்வது ஒரு கிளிக்.) நான் கேட்பது, "குரூப் எப்படி விழுது?"

குரூப் என்றால் அட்டையில் குண்டுகள் விழுந்த கூட்டம். ஐந்து குண்டும் ஐந்து திசையில் கிடக்கும்போது சைட்டைத் திருப்பிப் பயனில்லை. 10 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. தான். முன் சைட், பின் சைட் இரண்டுக்கும் நடுவே சுமார் 33 செ.மீ. இருக்கிறது என்று வையுங்கள். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் 1 மி.மீ. விலகினால், அட்டையில் அது ஏறக்குறைய 30 மி.மீ. விலகல், பத்தில் விழ வேண்டியது ஏழுக்குப் போய்விடும். ஆனால் சைட் இரண்டும் ஒரே கோட்டில் இருக்க, கை அப்படியே 1 மி.மீ. ஆடினால் அட்டையிலும் 1 மி.மீ. தான். ஆகவே கை ஆடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆடத்தான் செய்யும். கண் முன் சைட்டின் மேல்விளிம்பிலேயே இருக்கட்டும். அட்டை நடுவிலுள்ள கருவட்டம் மங்கலாகத் தெரிந்தால் சரியாகப் பார்க்கிறீர்கள். குறியும் கருவட்டத்துக்குக் கீழே, வெள்ளையில்.

வலக்கைக்காரருக்குக் குண்டுகள் இடப்பக்கம் கீழே இறங்கினால் பெரும்பாலும் டிரிகரை வெடுக்கென்று இழுப்பதுதான் காரணம். வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து, பெல்லட் போடாமல் டிரை ஃபயர் செய்து பாருங்கள். டிரிகர் விழும் கணத்தில் முன் சைட் துள்ளுகிறதா என்பது பளிச்சென்று தெரியும். அட்டை இல்லாததால் கண்ணுக்கும் வேறு வேலை இல்லை. ரேஞ்சுக்குப் போக முடியாத நாளில் இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்த்ததில்லை.

மே மாதத்தில் இன்னொரு தொல்லை, வியர்வை. உள்ளங்கை ஈரமானால் பிடி கொஞ்சம் வழுக்கும், குரூப் மொத்தமாக ஒரு பக்கம் நகரும். உடனே திருகைத் தேடாமல், கையைத் துண்டால் துடைத்து மறுபடி பிடித்து ஐந்து சுட்டுப் பாருங்கள்.

அப்புறமும் குரூப் நெருக்கமாக, ஆனால் தள்ளி விழுந்தால் மட்டும் சைட். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். திருகின் மேல் உள்ள குறியை நம்ப வேண்டாம்: சில பிஸ்டலில் அது குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும், சிலதில் போக வேண்டிய இடத்தை. சுட்டுப் பார்த்து, ஒரு கிளிக்குக்கு எத்தனை மி.மீ. என்று நோட்டில் எழுதிவிடுங்கள். உயரத்தை ஒரு முறை, பக்கவாட்டை ஒரு முறை. இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் எது எதைச் செய்தது என்று தெரியாது.

போட்டியில் புள்ளிக் கணக்கு தொடங்கும் முன் தயாராகவும் சைட்டர் (கணக்கில் சேராத சோதனைக் குண்டு) சுடவும் 15 நிமிடம் உண்டு. காலையில் சரி செய்த சைட், மதிய வெளிச்சத்தில் மாறித் தெரியலாம். அந்த நேரத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்கில் வரும் 60 குண்டில் நடுவில் குரூப் நகர்ந்தாலும் கிளிக் திருப்பத் தடையில்லை. பலர் பயந்து அப்படியே சுட்டுப் புள்ளியை இழக்கிறார்கள்.

போட்டிக்கு முன் பிஸ்டலைச் சோதிக்கும் மேசைக்குப் போகும் முன் டிரிகரில் எடை மாட்டிப் பார்த்துவிடுங்கள், டிரிகர் விழாமல் 500 கிராமைத் தாங்க வேண்டும்.