தம்பியின் உதவித்தொகைக்கு அலைந்த ஒரு வருஷம்

2018இல் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். 1200க்கு 1087. வணிகவியல் பிரிவில் எங்கள் பள்ளியில் இரண்டாவது மதிப்பெண். நீலகிரியில் பந்தலூர் பக்கம், டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம், எனக்கு முன்னால் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. நல்ல மதிப்பெண் வாங்கிய ஏழைப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு வருஷம் 10,000 ரூபாய் தருகிறது என்பது எனக்குத் தெரிய வந்தபோது இரண்டாம் ஆண்டில் பாதி போயிருந்தது. அதற்கு முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். கிடைத்திருக்குமோ கிடைத்திருக்காதோ, கேட்டே பார்க்கவில்லையே என்பதுதான் இன்றும் மனதில் கிடக்கிறது.

அதனால் 2024 மே 6ஆம் தேதி தம்பியின் ரிசல்ட் வந்து, 600க்கு 571 என்று பார்த்ததும், இவனுக்கு மட்டும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். எட்டாவது வரை அவன் மெட்ரிக் பள்ளியில் படித்தான். கட்டணம் கட்ட முடியாமல் ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். ஆறாவது முதலே அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்திருக்கும். அதற்கு வழியில்லை. இவன் கையில் இருந்தது மதிப்பெண் மட்டும்தான்.

முதலில் எங்களுக்கு ஆசை காட்டியது கோவையில் ஒரு தனியார் கல்லூரி. 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்களுக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்றார்கள். அம்மா அங்கேயே சரி என்று சொல்லிவிட்டார். நான் மட்டும், "இதை எழுத்தில் கொடுங்க சார்" என்று நின்றேன். கொடுத்த தாளில் பார்த்தால் பாதித் தள்ளுபடி கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். விடுதி, பஸ், தேர்வுக் கட்டணம், 'இதர கட்டணம்' எதுவும் அதில் சேராது. இரண்டாம் ஆண்டிலும் தொடர வேண்டுமானால் ஒரு அரியர் கூட இல்லாமல் 80 சதவீதம் எடுக்க வேண்டும். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோது வருஷத்துக்குக் கால்வாசிகூடக் குறையவில்லை. அப்படிப்பட்ட சலுகைகள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், சில பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் எந்தக் கட்டணத்தில் பாதி, எத்தனை வருஷத்துக்கு, எந்த மதிப்பெண் வரை தொடரும் என்ற மூன்றையும் தாளில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். தம்பியைக் கடைசியில் கோவையிலேயே ஒரு அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலில் சேர்த்தோம்.

அடுத்தது நான் தவறவிட்ட அதே மத்திய அரசு உதவித்தொகைத் திட்டம். இதில் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்வது, தகுதி விதியில் வரும் '80 பெர்சன்டைல்' என்பதைத்தான். 80 சதவீத மதிப்பெண் வேண்டும் என்று நானே நினைத்திருந்தேன். அப்படியில்லை. அவரவர் பாடத்திட்ட வாரியத்தில், அவரவர் பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், 100 பேருக்கு முதல் 20 பேருக்குள் வர வேண்டும். அந்த எல்லைக் கோடு வருஷத்துக்கு வருஷம், பிரிவுக்குப் பிரிவு மாறும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அஞ்சல் வழியில் படிப்பவர்களுக்கும் டிப்ளமோ படிப்பவர்களுக்கும் கிடையாது.

அந்த 20 பேருக்குள் வந்துவிட்டால் பணம் உறுதி என்றும் இல்லை. அது விண்ணப்பிக்கும் தகுதி மட்டும்தான். நாடு முழுக்க ஒரு வருஷத்துக்குப் புதிதாக 82,000 பேருக்குத்தான் தருகிறார்கள். அதை மாநிலங்களுக்கு 18 முதல் 25 வயதுள்ளவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கிறார்கள். மாநிலத்துக்குள் அறிவியலுக்கு மூன்று பங்கு, வணிகவியலுக்கு இரண்டு, கலைப் பிரிவுக்கு ஒன்று. அதில் பாதி பெண்களுக்கு. பிறகு விண்ணப்பித்தவர்களுக்குள் மதிப்பெண் வரிசை. இது புரிந்ததும் எனக்குப் பயமும் வந்தது, தெம்பும் வந்தது. விண்ணப்பித்தவர்களுக்குள்தானே வரிசை! நல்ல மதிப்பெண் எடுத்தும் தெரியாமல் இருந்துவிட்டவர்கள் அந்த வரிசையிலேயே இல்லை. 2018இல் நானும் அப்படித்தான் இல்லாமல் போனேன்.

தொகை இப்போது பட்டப்படிப்பின் முதல் மூன்று வருஷங்களுக்கு ஆண்டுக்கு 12,000. முதுகலைக்கு 20,000. பொறியியல் மாதிரி நான்கு வருஷப் படிப்பானால் நான்காம் ஆண்டுக்கு 20,000. அறிவியல் படிப்பவர்களுக்கு இன்ஸ்பயர் என்று இன்னொன்று இருக்கிறது, ஆண்டுக்கு 80,000. ஆனால் வாரியத்தில் முதல் 1 சதவீதத்துக்குள் வர வேண்டும். தம்பி அதைக் கணக்கில் வைக்க வேண்டாம் என்றான். எங்கள் லைனில் பொறியியல் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு ஏ.ஐ.சி.டி.இ. என்ற மத்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தரும் பிரகதி உதவித்தொகை பற்றிச் சொன்னேன். அது பெண்களுக்கு மட்டும், வருஷம் 50,000, வருமான வரம்பு 8 லட்சம்.

சரி, இனி காகித வேலை. எங்கள் ஊரில் ஜூன், ஜூலை என்றால் மழை பேய்த்தனமாகப் பெய்யும். கரண்ட் போனால் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யானைக்குப் பயந்து யாரும் தோட்டத்துப் பாதையில் நடக்க மாட்டோம். நான் கூடலூரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கடைக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு இ-சேவை மையத்துக்குப் போனால் சர்வர் இல்லை என்பார்கள். வருமானச் சான்றுக்கு 60 ரூபாய் கட்டணம். அப்பா, அம்மா இருவரின் சம்பளச் சீட்டும் ரேஷன் கார்டும் கொடுத்தோம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தார் அலுவலகம் வரை போய் வரவேண்டும். வி.ஏ.ஓ. நல்ல மனுஷர். "ஏம்மா, இதுக்கு எதுக்கு நீ மூணு தடவை வர்றே, போன் பண்ணிக் கேட்டா போதாதா" என்றார். ஆனாலும் நான் நேரிலேயே போய்க்கொண்டிருந்தேன்.

நிஜமான தொல்லை இனிஷியலில்தான் வந்தது. மதிப்பெண் பட்டியலில் தம்பியின் பெயருக்கு முன்னால் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப் பெயர். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். ஆதாரை மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி திருத்த 50 ரூபாய்தான் ஆனது. ஆனால் திருத்தம் ஏறுவதற்குள் பாதி ஜூலை போய்விட்டது. ரிசல்ட் வந்த வாரமே இதைச் செய்திருக்கலாம்.

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதலில் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். ஆதார் எண்ணைக் கொடுத்து, போனில் முகத்தைக் காட்டிச் சரிபார்த்தால் 14 இலக்க எண் ஒன்று வரும். படிப்பு முடியும் வரை அதே எண்தான். தம்பி ஒரு சனிக்கிழமை கோவையிலிருந்து வந்திருந்தான். வீட்டுக்குள் சிக்னல் நிற்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு லைனுக்கு மேலே மேட்டில் நின்று, நாலாவது முறை முகம் காட்டியபோதுதான் ஏற்றுக்கொண்டது. "அக்கா, வந்திருச்சு" என்று அவன் கத்தியது கீழே அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது.

விண்ணப்பத்தில் ஒரு உறுதிமொழி வரும், வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்கவில்லை என்று. கல்லூரியில் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவித்தொகைக்கும் படிவம் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. இரண்டிலும் என்ன வரும் என்று உதவித்தொகைப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்டு, இதைத் தேர்ந்தெடுத்தோம்.

அனுப்பியதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். விண்ணப்பம் முதலில் கல்லூரியின் நோடல் அலுவலரிடம் போகும். அவர் சரிபார்த்து அனுப்பினால்தான் அடுத்த கட்டம். மூன்று வாரமாக அது கல்லூரியிலேயே நின்றது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, அந்த ஒரு மேசையில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள். எல்லாச் சான்றையும் ஜெராக்ஸ் எடுத்து, கோப்பில் போட்டு நேரில் கொடுக்கச் சொன்னேன். தம்பி கூச்சப்படுகிறவன். "தினமும் போய்க் கேட்டா கோபிச்சுக்குவாங்க அக்கா" என்றான். வாரத்துக்கு ஒருமுறை போ, வணக்கம் சொல், விண்ணப்ப எண்ணைச் சொல், அவ்வளவுதான் என்றேன்.

போனதால்தான் பிழை தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுப் பதிவெண் கேட்ட இடத்தில் மதிப்பெண் பட்டியலின் சான்றிதழ் எண்ணைப் போட்டிருந்தோம். வாரியம் தந்த பட்டியலோடு ஒத்துப் பார்ப்பதே அந்தப் பதிவெண்ணை வைத்துத்தான். குறைபாடு என்று குறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அப்படித் திரும்பி வந்தால் நிராகரிப்பு இல்லை, கெடுவுக்குள் திருத்தி மறுபடி அனுப்பலாம். அன்றைக்கு ராத்திரியே திருத்தினோம். அதற்குப் பிறகு எல்லாக் கட்டமும் தாண்டியது.

பணம் வர மாதக்கணக்கானது. கூடப் படிக்கும் பையனுக்கு வந்துவிட்டது, இவனுக்கு வரவில்லை. கணக்கு வைத்திருக்கும் வங்கியில் கேட்டால், ஆதார் இணைத்தாயிற்று, எங்களிடம் ஒன்றும் வரவில்லை என்றார்கள். அப்புறம்தான் ஒரு விஷயம் விளங்கியது. அடையாளத்துக்காக ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்து வைப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக ஆதாரோடு கோத்து வைப்பது வேறு. எத்தனை கணக்கு இருந்தாலும் கோத்திருப்பது ஒன்றில்தான் இருக்கும். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி என்று பார்க்கலாம். பார்த்தோம். ஆறாவது படிக்கும்போது தம்பிக்கு வேறொரு வங்கியில் திறந்து, நாங்கள் மறந்தே போன கணக்கு அது.

பழைய பாஸ்புக் அம்மாவின் தகரப் பெட்டியில், அப்பாவின் பிராவிடண்ட் ஃபண்டு காகிதங்களுக்கு அடியில் இருந்தது. மறுநாள் தம்பியும் நானும் அதை எடுத்துக்கொண்டு போய், என்ட்ரி போடும் மெஷினுக்கு வரிசையில் நின்றோம். நிறைய நேரம் காலிப் பக்கங்களாகவே ஓடின. கடைசி வரியில் 12,000. தம்பி எதுவும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்தப் பணத்தில் விடுதி பாக்கியைக் கட்டினோம். மீதியில் அவன் இரண்டு இயற்பியல் புத்தகம் வாங்கினான். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். புதுப்பித்தலுக்கு அவனே உட்கார்ந்து போட்டுவிட்டான், என்னைக் கேட்கவில்லை.

போன வாரம் கீழ் லைன் அக்காவின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்து வரச் சொன்னேன். மூன்றையும் பாயில் வரிசையாக வைத்து, முதலில் இனிஷியலைப் பார்த்தோம்.